இரண்டு மஞ்சள் கோடுகள்

இன்று காலை ரசம் பொங்கி ஸ்டவ்வின்மேல் வழிந்தது. நீல நெருப்பு ஒரு கணம் பளீரென்று மஞ்சளாகி அடங்கியது. துணியை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. கூடத்திலிருந்து அண்ணா, “என்னடி கருகறது?” என்று கேட்டான். “ஒண்ணுமில்லைண்ணா, ரசம்தான்” என்றேன். உப்புப் பட்ட நெருப்பைப் பார்த்தால் உன் நினைவு வருகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. சாந்தோம் கோயிலில் உன் அடக்கத்துக்கு வந்தவர்கள், நீ பொறுமையான டீச்சர் என்றார்கள், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகள் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாட்களைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் அப்போது நாம் இருவர்தான் பெண்கள். இருவருக்கும் தற்காலிக வேலை. நீ சாந்தோமிலிருந்து நடந்து வருவாய், நான் மயிலாப்பூரிலிருந்து டிராமில் வருவேன். மலைமேல் இருந்த தொலைநோக்கியைப் பேராசிரியர் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தார். அதன் அடியில் மாட்ட வேண்டிய ஸ்பெக்ட்ரோகிராஃபைத் தயார் செய்யும் பொறுப்பு நமக்கு. நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதிக்கும் கருவி. ஆள் நீளத்துக்கு ஒரு தேக்குப் பெட்டி. முன்னால் ஒளி நுழைய மயிரிழை இடைவெளி விட்ட இரண்டு எஃகுத் தகடுகள், ஸ்லிட் என்போம். உள்ளே பட்டகம், லென்சுகள். மலைக்கு எடுத்துப் போகப்போவது பேராசிரியரும் அவருடைய உதவி ஆசிரியரும். துடைப்பதும் பொருத்துவதும் நாம்.

ஸ்பிரிட் விளக்கில் உப்பைத் தூவி எரியவிட்டு, அந்த மஞ்சள் ஒளியைப் பெட்டிக்குள் அனுப்பிப் பார்ப்போம். முதலில் ஒரே தடித்த கோடாகத் தெரியும். லென்சை இம்மி இம்மியாக நகர்த்தினால் அது இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிரியும். நான்கு நாள் போராடி, ஐந்தாம் நாள் நீதான் முதலில் பார்த்தாய். “வா, வா, ரெண்டாப் பிரிஞ்சிருச்சு” என்று என் தோளைப் பிடித்து இழுத்தாய். பேராசிரியரும் பார்த்தார். அன்றைக்கே பிரின்ஸிபாலிடம் போய், கருவி தயார் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மூட்டை கட்ட நான் வைக்கோலும் கோணியும் எடுத்து வந்தேன். நீ பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

“தொலைநோக்கி வானத்தோட சேர்ந்து திரும்பிக்கிட்டே இருக்கும் இல்ல? இந்தப் பெட்டியும் கூடவே சாயுமே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“நாம படுக்க வெச்சுத்தானே பார்த்தோம்.”

பெட்டியின் ஒரு தலைக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கினோம். நான் விளக்கை ஏந்திப் பிடித்தேன். நீ கண்ணை வைத்தாய். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாய். பார்வைக் குழலுக்குள் அடையாளத்துக்குக் கட்டிய நடுக் கம்பியின்மேல் நின்றிருந்த கோடுகள் இரண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. மரம் வளைந்து கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் மலையில் ஒரு மணி நேரம் ஒளி வாங்கும் தகட்டில் எல்லாக் கோடும் இழுபட்டுப் போகும்.

அப்போது நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. “பேசாம இருடி. தயார்னு சொல்லியாச்சு. இப்போ போய் இல்லேன்னா நம்ம வேலைதான் போகும். அங்கே போய் அவாளே பார்த்துக்கட்டும்.”

நீ கோபப்படவில்லை. “அங்க போனா ஏழு நாளுதான் இருக்கு. இங்க பன்னண்டு நாள் இருக்கே” என்றாய். அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போய்விட்டாய். நான் கோணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

பேராசிரியர் சிவந்த முகத்தோடு வந்தார். “தேக்கு எப்படியம்மா வளையும்?” என்றார். “நீங்களே பாருங்க சார்” என்று விளக்கை நீ பிடித்தாய். பார்த்து நிமிர்ந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என்ன செய்யலாம்?” என்று கேட்டார். நம்மிடம் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ராயப்பேட்டையில் சர்வேக் கருவிகள் பழுது பார்க்கும் பாயை நீதான் அழைத்து வந்தாய். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, பொட்டி நல்லா பாலிசு போட்டுக்கினு கீது, முதுவெலும்பே இல்லியே. மரத்த நம்பாதீங்க. இரும்புல மூணு பக்கமும் சட்டம் குடுக்கறேன். பொட்டி சும்மா சட்டை மாரி மேல கெடக்கட்டும்.”

“அடியில அறுக்கணுமா பாய்?” என்று கேட்டாய்.

“அறுக்காம எப்டி?”

சீமையிலிருந்து வந்த பெட்டி. நீ பேராசிரியரைப் பார்த்தாய். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அறுங்கள்” என்றார். ரம்பம் ஓடி முடியும்வரை அவர் திரும்பவே இல்லை.

ஆறு நாளில் சட்டம் ஏறியது. சாய்த்தோம், நிமிர்த்தினோம், தலைகீழாகக்கூடப் பிடித்தோம். கோடுகள் கம்பியை விட்டு அசையவில்லை. பாயும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “ரெண்டு நூலு கணக்கா நிக்குதும்மா” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் கெடுத்தேன். முன்பக்கத்து எஃகுத் தகட்டின் திருகை முடுக்கும்போது திருப்புளி வழுக்கி அதன் விளிம்பில் பட்டது. ஒரு சின்னப் பிசிறு நீட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் நிறப்பட்டையின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கறுப்புக் கீற்று விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை நானே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நீ அறை வாசல்வரை கூட வந்தாய், உள்ளே வரவில்லை. அது எனக்கு நீ தந்த மரியாதை என்று பின்னால்தான் புரிந்தது.

இரண்டு நாள் தட்டைக் கண்ணாடியின்மேல் எமரிப் பொடியைக் குழைத்து அந்த விளிம்பை மாற்றி மாற்றித் தேய்த்தோம். உனக்குக் கைப்பழக்கம் இல்லை, அழுத்திவிடுவாய். எனக்கு வீணை விரல். “இது உன் கை சொன்னாத்தான் கேக்குது, நீயே தேய்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். உன் அத்தைக்கும் மீன்காரம்மாவுக்கும் நடந்த சண்டையை இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாய். நான் சிரித்துக் கை ஆடிவிடப் போகிறதே என்று பயந்தேன். மூன்றாம் நாள் கீற்று மறைந்தது.

உதவி ஆசிரியருக்கு இந்தச் சட்டமும் திருகும் ஒன்றும் புரியவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். நம்மில் ஒருவர் வரலாம் என்றார் பேராசிரியர். எனக்குத் தெரியும், அது உன் இடம். நீ ஒரு வார்த்தையில் முடித்தாய்: “இவ போகட்டும் சார். ஸ்லிட் இவ கைக்குத்தான் அடங்கும். எங்கம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் போறதுக்கில்ல.”

டிராமுக்குக் காத்திருந்தபோது, “வருத்தமா இல்லையா?” என்று கேட்டேன். “இல்லாம என்ன? இருக்கத்தான் செய்யுது. தகட்டை உடைக்காமக் கொண்டுவா, சரியாப் போயிரும்” என்றாய்.

துணைக்கு அப்பா வந்தார். மலைக் குளிரில் வாரம் முழுவதும் மஃப்ளருக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் பெட்டிக்குக் கம்பளி சுற்றினேன். பொழுது சாய்ந்ததும் திருவாதிரை நட்சத்திரத்தைப் பிடித்தோம். நான்கு நாள் மேகம், மூன்று நாள் தெளிவு. நான்கு தகடுகள் கிடைத்தன.

அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். நீ முதல் தகட்டைப் பௌதிகக் கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடியால் துழாவினாய். அதனதன் இடத்தில் கத்திபோல நின்றன நம் உப்புக் கோடுகள் இரண்டும். “அங்கயும் இருக்குடி” என்றாய், மெல்ல. பிறகு தகட்டைக் கொடுக்காமல் வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் குறை என்று ஒன்றும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

அதன்பின் நீ சாந்தோம் பள்ளிக்குப் போனாய், நான் இந்த நட்சத்திர ஆராய்ச்சியிலேயே நிலைத்தேன். ஞாயிறு மாலைகளில் கடற்கரையில் பார்த்துக்கொண்டோம். நிறையச் சிரித்தோம்.

போன மாதம் என் பெயரில் ஒரு கட்டுரை அச்சில் வந்தது. வந்தபிறகுதான் அட்டவணையில் ஓர் இடத்தில் கூட்ட வேண்டியதைக் கழித்திருப்பதைக் கண்டேன். என் முடிவில் பாதி அதோடு விழுந்துவிடும். யாரும் கவனிக்கவில்லை, கவனித்திருக்கவும் மாட்டார்கள். பழைய நானாக இருந்தால் இப்போது நாங்கள் குடியிருக்கும் மாம்பலத்துப் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அன்று மாலையே பத்திரிகைக்கு எழுதினேன்: பிழை என்னுடையது, சரியான எண்கள் இவை. தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, இனிமேல் படபடப்பு வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். பசிதான் எடுத்தது. வீட்டுக்கு வந்து, மன்னி போதும் போதும் என்று சிரிக்கும்வரை சாப்பிட்டேன்.