பதினான்காம் மாசிகம்

என் உயிரினும் இனிய மகள் மங்கைக்கு,

நீ மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. உன் கணவர் செந்தில் சுரங்கத்தில் ஷிப்டு பார்க்கிறார்; அவர் பெயரிலுள்ள குவார்ட்டர்ஸில்தான் நானும் இருக்கிறேன். இன்று காலையும் அவரைத் தெற்கு நோக்கி அமர்த்தி, உனக்கு எள்ளும் நீரும் இறைப்பித்தேன்.

மகளே, அது சாத்திரமன்று. ஓராண்டு முடிவில் வரும் தலைத்திவசத்தோடு, மாதந்தோறும் செய்யும் மாசிகம் ஓய்ந்துவிடும் என்பதை நான் அறியேனா? "இன்னும் ஓராண்டு நடத்த வேண்டும், அதுவரை மங்கல காரியம் கூடாது" என்று அவரிடம் துணிந்து பொய் சொன்னேன். திதி கேட்டு இந்தப் பிளாக்கே என்னிடம் வரும். அதனால் செந்திலும் நம்பிவிட்டார்.

அவர் மறுமணம் செய்துகொண்டால் நான் எங்கே போவேன்? அந்த ஓர் அச்சந்தான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா சடங்கைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டா, ஒனக்குப் பாத்த பொண்ணு வூட்டுல கேட்டுக்கினே இருக்காங்க. ஒங்க மாமா தன் மகளுக்கு மட்டுமில்ல, ஒனக்கும் சேத்துத் தண்ணி வுடறாரா?"

"சும்மா இரு, அக்கா. மாமா பொய் சொல்வாங்களா?"

நான் எள்ளே ஒட்டாத விரல்களைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

பிறகு அறைக்குள் வந்து உன் ஆய்வேட்டைத் திறந்தேன். நீ ஆராய்ந்த அந்த நொதி! புரதம் கட்டும் வேலை பாதியில் முறிந்தால், அதற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ முடிவுறாத சங்கிலியோடு சிக்கிக்கொள்ளும். அடுத்த சுமைக்குப் போகாது. அந்த நொதி நீரைக் கொண்டு அவ்விணைப்பைப் பிளந்து, அதை விடுவிக்கும். "பிளக்கலேன்னா செல்லே செத்துடும்ப்பா" என்று சோறு ஆறுவதையும் மறந்து சொன்னாய். "பிரிப்பதைப் போய்ப் புண்ணியம் என்கிறாயே" என்று நான் கேலி செய்தேன்.

உன் நொதி நீரால் விடுவித்தது. நானோ அந்த நீரைக் கொண்டே ஒருவரைக் கட்டிவைத்திருக்கிறேன். பாராயணத்துக்கு அமர்ந்தால் அடுத்த அடி நாவில் எழ மறுக்கிறது. இத்தனை மறைநூல் கற்று, அதையே பூட்டாக்கியவன் எந்த வாயால் பாடுவான்?

அக்காவும் தம்பியும் முன்னறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாலைப் பேருந்துக்கு அக்கா கிளம்பிவிடுவார். அதற்குமுன் இருவர் எதிரிலும் சொல்வேன்: "மாப்பிள்ளை, நான் சொன்னது பொய். பெண் பார்க்கப் போய் வாருங்கள்."

அதன்பின் எனக்கு இங்கே இடமிருக்குமோ, அறியேன். எங்கிருந்தாலும் உன் திதி இனி ஆண்டுக்கு ஒருமுறைதான், மகளே. இது உறுதி.

உன் அப்பா,
செந்திலின் மாமா