யஜமானருக்கு ஒரு ஃப்ளாஸ்க் ராகி மால்ட்

மச்சான்,

இன்று காலை உன் அக்கா ராகி மால்ட் காய்ச்சினாள். ஏலக்காய் சற்றுத் தூக்கல். அந்த வாசனை அடுப்படியிலிருந்து கிளம்பி, பெங்களூரின் இந்த ஜீவனஹள்ளி முழுவதையும் கைப்பற்றி, காக்ஸ் டவுன் எல்லைவரை படையெடுத்து, கடைசியில் என் மூக்கில் வந்து கொடி நாட்டியது. அதே நேரம் பார்த்து, மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலி இன்ஜினீயர் ஒரு லேஅவுட் நோட்டீசோடு இறங்கி வந்தார். சைட், அதாவது வீட்டுமனை, வியாபாரத்தில் இறங்க ஆசையாம், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் உன் மாமாவுக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்டின் டவுன் டீக்கடை பெஞ்சுதான் நம் தலைமையகம். வயதிலும் மீசையிலும் மூத்தவன் என்பதால் நான் தலைவர். வேலை செய்பவன் நீ. பாதி கர்நாடகம் நம் கையில் இருக்கிறது, விதான சௌதாவைப் பெருந்தன்மையாக விட்டுவைத்திருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட நமக்கு இடம் கிடையாது. விற்க நினைக்கும் விவசாயிக்குச் சின்ன அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமென்ட் போடுவாய். கெடு முடிவதற்குள் நிஜமாக வாங்குகிறவனைத் தேடிப்பிடித்து, அதை அவனுக்குக் கைமாற்றிவிடுவாய். "நிலம் நம்மது இல்ல மாமா. அந்த மூணு மாசம்தான் நம்ம சரக்கு" என்பாய்.

உன் கண்டிப்பின் முன்னால் எமனுடைய கணக்குப்பிள்ளையே தோற்றுப்போவான். வாங்குபவர் 'அவரோ, அவர் கைகாட்டும் ஆளோ' என்ற வரி அக்ரிமென்ட்டில் இல்லையென்றால் பேனாவைத் தொடமாட்டாய். அந்த வரி இல்லாமல் கைமாற்ற முடியாது. வில்லங்கச் சான்றிதழைப் பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல் பார்ப்பாய். கோடையில் பார்த்த நிலத்தை மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை பார்த்தே ஆகவேண்டும். அப்படிப் போனபோதுதான் சர்ஜாபுரம் பக்கத்தில் ஒரு ஏரி என் செருப்பை விழுங்கியது. முந்தைய மாதம் அதே இடத்தை நான் தோப்பு என்று சொல்லி நாலு பேரிடம் பேசியிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணமாகிப் போன பெண்கள். மகன்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகும், பின்னால் பங்குத் தகராறு வரக்கூடாது என்று, "பொண்ணு எங்க?" என்று கேட்பாய். கோலார்வரை ஸ்கூட்டரில் போய் அவள் கையெழுத்தையும் வாங்கிவருவாய்.

இத்தனையும் மற்றவர்களுக்காகச் செய்தது. உன் மனைவி அந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் சுவரைப் பார்த்துச் சமைத்து அலுத்துப்போய், ஜன்னல் வைத்த அடுப்படி ஒன்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. அத்திபெலேக்குப் பின்னால், முனியப்பா என்ற வயதான விவசாயியின் ராகிக் கொல்லையில் மூலை சைட்டில் நின்று, "இங்க ஜன்னல் மாமா" என்று காற்றில் கட்டம் போட்டுக் காட்டினாய். கையில் இருந்ததையெல்லாம் பெரியவரிடம் கொடுத்தாய். ஆனால் விவசாய நிலத்தை மனையாக மாற்றும் அரசாங்க உத்தரவு வராமல் பதிவு நடக்காது. அதுவரைக்கும் தன் சார்பில் எல்லாம் செய்ய அவர் உனக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். மகன்களைத் தவிர அவருக்கு ஒரு மகளும் உண்டே என்றேன். அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லையாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். எழுதிக் கொடுத்தவர் மூச்சு நின்றால் பவரும் நின்றுபோகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

அதனால் உலக வியாபார வரலாற்றிலேயே இல்லாத ஒரு தொழிலை ஆரம்பித்தாய்: முனியப்பாவை உயிரோடு வைத்திருப்பது. ஞாயிறுதோறும் ஃப்ளாஸ்க்கில் ராகி மால்ட், சட்டைப்பையில் ரத்த அழுத்த மாத்திரை. கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனதும் நீதான். ராகி விளைகிற வீட்டுக்கே ராகி சுமக்கிற ஒரே ஆள் என்று கேலி செய்தேன். கிழவர் இருநூறு வயது இருப்பார், நம் பேரன்கள் வந்து ஃப்ளாஸ்க் தூக்குவார்கள் என்றேன். நீ சிரித்தாய். முதலில் கன்னடத்தில் மரியாதையாக 'யஜமான்ரே' என்றுதான் கூப்பிட்டாய். எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தோ அது 'அப்பா' ஆகிவிட்டது. உத்தரவு மட்டும் வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். நீ அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். அது புரோக்கர் அழுகை இல்லை. அந்த அழுகையை நான் நிறைய அழுதிருக்கிறேன், எனக்குத் தெரியும். அந்த மகளை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் நின்றாள்.

"யாருக்கு அழறே? எங்கப்பனுக்கா, சைட்டுக்கா?"

திரும்பும் வழியில் சந்தாபுரம் தாண்டி ஸ்கூட்டரை ஓரங்கட்டினாய். "எனக்கே தெரியல மாமா" என்றாய்.

பவர் செத்துவிட்டது என்று மகளும் மகன்களும் சொல்லிவிட்டார்கள். வாதாடிப் பார்க்கலாம் என்றார் ஒரு வக்கீல். தீர்ப்பு வரும்போது பெங்களூரே இருக்காது என்று நான் கணித்தேன். நீ கேஸ் போடவில்லை. "அந்தம்மாவை நான் முதல்லயே போய்ப் பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு பெஞ்சுக்கு வந்தாலும் டீ ஆறிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் அதே ஒற்றை அறையில், அதே சுவரோரம் உன் மாரடைப்பு. உன் உடலைத் தூக்கி வெளியே கொண்டுவரக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. உன் மனைவி கிருஷ்ணகிரிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூலை சைட்டில் இப்போது மூன்று மாடி ஹாஸ்டல் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். மூன்று மாடியிலும் அடுப்படி ஜன்னல், நீ கட்டம் போட்ட அதே பக்கம்.

இன்ஜினீயரிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி, மழைக்கு மறுநாள், மகளின் கையெழுத்து. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஆனேக்கல் பக்கம் மலிவாக ஒரு சைட் வந்திருப்பதாகச் சொன்னார். பவர்தானாம். "ஓனர் வயசானவர்தான், ஆனா ஆள் நல்லா திடமா இருக்கார் சார்."

ஒரு பிரமாதமான வசனம் பேசத்தான் வாயைத் திறந்தேன். "வேணாம் தம்பி" என்றுதான் வந்தது. அவர் நோட்டீசை மடித்துக்கொண்டு மாடியேறினார். நாளைக்கு ஆனேக்கல் போவார்.

உன் ஃப்ளாஸ்க் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதில் சூடு நிற்பதில்லை. அதைவிட்டால் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம்தான். டீக்கடையில் வயதானவர் யாரைப் பார்த்தாலும் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். என்னை ரொம்ப நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் போன வாரம், ஏன் தினமும் கேட்கிறீர்கள் என்றார்.

எனக்கே தெரியல, மச்சான்.