ஜானட் கம்பெனியோட கோடு

ராயபுரம்

அன்பு மவ ஜானட்டுக்கு,

மாதா புண்ணியத்துல அப்பா நல்லாகீறேன். நீ டொரண்டோவுல எப்டிகீறேன்னு இந்த தபா நெசமாவே கேக்குறேன். போன்ல கேட்டா சிரிச்சே மழுப்பிடுவே, அதான் எழுதுறேன்.

உங்கம்மா போன பொறவு வூட்ல பேச்சுன்னே ஒண்ணு இல்ல. ஹார்பர்ல கிரேன் ஓட்டின காலத்துல சத்தம் எப்ப ஓயும்னு இருக்கும், இப்ப டிவிய சும்மாவே ஓடவுட்டு வெச்சுக்கீறேன். அதான் மாதா கோயில் ஹால்ல ஜெஸ்லின் டீச்சர் நடத்துற கம்ப்யூட்டர் கிளாஸ்ல போய் சேந்தேன், மத்ததெல்லாம் காலேஜ் பசங்க. இன்னா அங்கிள் கத்துக்கணும்னு டீச்சர் கேட்டுச்சு. என் பொண்ணு வேலை செய்ற கம்பெனியோட ஷேர் விலைய நானே படம் போட்டுப் பாக்கணும்னேன். ஆபீஸப் பத்திக் கேட்டா அதெல்லாம் உனக்குப் புரியாதுப்பான்னுடுவே, உன்கூட பேச ஒரு விஷயமாவது வேணுமில்ல. பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அதுல விலை ஃபைல ஏத்தி கோடு போட்டா, மொதல்ல வந்த படம் சிக்குன வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஓடுச்சு. கம்ப்யூட்டர் தேதிய வெறும் எழுத்துன்னு நெனச்சுப் படிக்குது அங்கிள்னு சொல்லி, இது தேதின்னு டீச்சர் ஒரு வரி சேத்துச்சு, கோடு ஒழுங்கா நின்னுச்சு. அன்னிலேந்து தெனம் காலைல காப்பிக்கு முன்ன உன் பழைய லேப்டாப்புல புது விலைய ஏத்தி அதத்தான் பாப்பேன். கோடு ஏறினா என் பொண்ணு நல்லாகீறான்னு ஒரு தெம்பு. மீன்காரி பச்சையம்மா உன் பொண்ணு போன் பண்ணுச்சான்னு கேட்டா, நல்லாகீறான்னு அந்தக் கோட்டை நம்பியே சொல்லிடுவேன்.

போன மாசம் ஒரு காலைல கோடு மாடிலேந்து வுழுந்தாப்ல கீழ வந்துச்சு. நான்தான் ஏதோ தப்பா அடிச்சிட்டேன்னு ஃபைல மறுக்கா ஏத்திப் பாத்தேன், அப்பவும் அதேதான். டீச்சர் பாத்துட்டு, நீங்க போட்டது சரிதான் அங்கிள், விலையே வுழுந்துடுச்சுன்னுச்சு. உடனே உனக்கு போன் போட்டேன். வேலை ஜாஸ்திப்பா, அப்பறம் பேசறேன்னே. குரல் சரியில்ல. மனசு கேக்காம உன்கூட வேலை பாக்குற ஜூடிக்குப் போட்டேன். அது ஏதேதோ பேசிட்டு கடசில அழுதுடுச்சு. ஜானட் டீமையே வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க அங்கிள், உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்னுச்சு.

போன வெச்சுட்டு அப்டியே குந்திட்டேன். இத யார்கிட்ட போய் சொல்றது. உங்கம்மா இருந்தா உன்னத் திட்டி, அவளும் அழுது, உன்னையும் அழவெச்சு மனச லேசாக்கியிருப்பா. எனக்கு அது வரல. வேலை போனது ஒரு குத்தமா மவளே. அங்க நீ ஒண்டி, இங்க நான் ஒண்டி, ரெண்டு பேரும் நல்லாகீறேன் நல்லாகீறேன்னு மாத்தி மாத்திப் பொய் சொல்லிகினு. வேற வேலை தேடறதுன்னா நிதானமா தேடு, முடிலன்னா கெளம்பி வந்துடு, இது உன் வூடு. வேளைக்கு சாப்டு, குளிர்ல வெறுங்காலோட நிக்காதே. ஜூடிய கோச்சுக்காதே.

மாதா உன் தலைமேல கை வெச்சுக் காப்பாத்தட்டும். இதப் படிச்சதும் போன் போடு, மறந்துடாதே. எந்நேரமானாலும் எடுப்பேன். ஒண்ணும் பேச வேணாம், அழணும்னா அழு, அப்பா லைன்லயே இருப்பேன்.

உன் அப்பா
செல்வநாதன்