சரக்குப் படகில் வந்த உன் அம்மா

அன்பு மகள் பாப்புவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் ஊருக்குச் சுகமாக வந்து சேர்ந்துவிட்டோம், உன் சுகம்தான் பதினொரு நாளாகத் தெரியவில்லை. நீ கோபத்தில் போனை வைத்ததும் நியாயம்தான். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் வலது காலை இழுத்து நடக்கிறவளை, கண்ணாடி கேட்க நினைத்துச் சாவி என்று சொல்லிவிட்டுத் தவிக்கிறவளை, மொழி தெரியாத ஒரு தீவு நாட்டில் படகு படகாக ஏற்றி இறக்கப் போகிறீர்களா என்று கேட்டாய். "நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறவப்பா, இந்த மாதிரி ஆளுங்கள தினமும் பாக்குறேன், சொன்னாக் கேளுங்க" என்றாய். கேட்காமல் போனோம். நடந்ததைப் போனில் சொன்னால் நீ பாதியில் திட்டுவாய், நான் மழுப்புவேன், விஷயம் வந்து சேராது, அதனால்தான் கடிதம். மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போகலாம் என்று கிளப்பியது நான் இல்லை பாப்பு. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் அறையில் ஒரு காலண்டர் தொங்கும், அதில் அந்தத் தீவுகளின் படம். உள்ளே போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை உன் அம்மா அதைத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டில் இரண்டு பாஸ்போர்ட் இருந்தது, உன்னைப் பார்க்க வரவேண்டும் என்று எடுத்து வைத்ததுதான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்து திட்டம் போட்டேன், ஐந்து நாளில் நாலு தீவு. அதை வாங்கிப் பார்த்தவள் பென்சிலால் இரண்டு தீவை அடித்துவிட்டாள். எனக்குக் கோபம். வரைபடத்தில் எல்லாம் ஒரு நகத்தளவு தூரத்தில்தானே இருக்கிறது என்றேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த நகத்தளவைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, பெட்டியைத் தூக்கி, அரை நாள் ஓடிவிடுகிறது. நீ எப்போதாவது போனால் இரண்டு தீவோடு நிறுத்திக்கொள், அதற்கு மேல் போனால் சுற்றிப் பார்ப்பது கடலை இல்லை, பெட்டியைத்தான்.

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தால் நம் ஊரில் டாக்சி நிற்கிற இடத்தில் அங்கே படகு நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு மாதிரியேதான், கூரை, பெஞ்சு, டிக்கெட் ஜன்னல், எந்தப் படகு எங்கே போகும் என்று பலகை. படகுக்காரர்கள் உன் அம்மாவை ஏற்றின விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கிற வேலையே இல்லை. முழங்கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள், அலை வந்து படகைத் துறைக்குச் சமமாகத் தூக்குகிற வரைக்கும் பொறுத்திருந்து தலையை ஆட்டுவார்கள், அவள் ஓர் எட்டு வைத்தால் உள்ளே. ஒருத்தர்கூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. தீவுக்குள் ஓடுகிற வேன் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், அதில் முன் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்த ஒரு தாடிக்காரர் பின்னால் வந்து பாதி என் மடியிலேயே உட்கார்ந்து வந்தார். படகின் பின்பக்கம் உட்கார்ந்தால் தூக்கிப்போடாது, காலையில் கடல் சாது, மத்தியானத்துக்கு மேல் காற்று பிடித்துவிடும், இதெல்லாம் இரண்டாம் நாளே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். என் பாடுதான் திண்டாட்டம். முப்பத்துநாலு வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக வாயை வைத்தே பிழைத்தவன், அங்கே ஒரு தலையணை கேட்க வழியில்லை. சத்தமாகச் சொன்னால் புரியும் என்று கத்துவேன். உன் அம்மா தலையைக் கையில் சாய்த்துக் கண்ணை மூடி இரண்டு விரலைக் காட்டுவாள், தலையணை இரண்டு வந்துவிடும். இரண்டு வருஷமாக அவளுக்கு இதுதானே பழக்கம்.

நாலாம் நாள் சின்னத் தீவிலிருந்து பெரிய தீவுக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் விடிந்ததும் விமானம். பெட்டியோடு துறைக்குப் போனால் ஈ காக்கை இல்லை. அன்றைக்கு அந்தப் படகுக்கு வார விடுமுறையாம். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பாலிசியில் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், நானே கோட்டை விட்டேன். ஜன்னலில் இருந்தவரிடம் கையை ஆட்டிக் கத்தினேன், அவர் பாவம், இல்லை என்று தலையை ஆட்டினபடியே இருந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது, பாப்பு சொன்னபடியே ஆகிவிட்டதே என்று துறையின் நுனிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். சீருடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தாளே, துணியில் குறி போடுகிற சாக்பீஸ் இன்னும் அவள் கைப்பையில் கிடக்கிறது, அதை எடுத்துத் தரையில் வரைகிறாள். இரண்டு ஆள், அதில் ஒருத்தருக்குப் பெரிய தொப்பை, அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு விமானம். கடலுக்கு மேலே பாதி எழுந்த சூரியன். ஒரு படகு, அதன் மேல் பெருக்கல் குறி. வரைந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எங்கிருந்துதான் வந்தார்களோ, வலை சரிசெய்து கொண்டிருந்தவர், பெட்டிக்கடைக்காரர், இன்னும் நாலு பேர் சுற்றி நின்றுவிட்டார்கள், தொப்பையைப் பார்த்து ஒரே சிரிப்பு. அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், நாற்பது வயசிருக்கும், தலையில் தொப்பி, முழங்கை வரை சுருட்டின சட்டை. குந்தி உட்கார்ந்து சாக்பீஸுக்குக் கை நீட்டினாள். நடு வானத்திலிருந்து கொஞ்சம் இறங்கின மாதிரி ஒரு சூரியன் போட்டாள், பெட்டி பெட்டியாக அடுக்கின ஒரு குண்டுப் படகு போட்டாள், பிறகு உன் அம்மா போட்ட பெருக்கல் குறியை உள்ளங்கையால் அழித்துவிட்டாள். அவள்தான் சரக்குப் படகு ஓட்டுகிறவள்.

அந்தப் படகில்தான் வந்தோம், காலி கேஸ் சிலிண்டர், பாட்டில் அடுக்கின பெட்டிகள், ரிப்பேருக்குப் போகிற ஒரு ஃபிரிட்ஜ், நடுவில் நாங்கள். உன் அம்மாவுக்கு அந்தப் பெண் எடுத்துக் கொடுத்த மிதவைச் சட்டையில் வார் பிய்ந்திருந்தது. இவள் அதை அப்படியே போட்டுக்கொள்வாளா? பெட்டியைத் திறக்கச் சொல்லி ஊசி நூல் எடுத்து, இரட்டை நூலாகக் கோத்து, நாலு பக்கமும் தைத்து, பல்லால் கடித்து நூலை அறுத்தாள். படகுக்காரி வாரை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள், உள்ளே போய் வார் தளர்ந்த இன்னும் மூன்று சட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தார்கள். உன் அம்மா வேலை செய்து ஒருத்தர் மெச்சி எத்தனை நாளாயிற்று.

பாதி வழியில் காற்று பிடித்துவிட்டது. நான் ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு, "திரும்பிடலாம்னு சொல்லு, மாத்திரை எங்க, பாப்புக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தேன். அவள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். வழக்கம்போல நான் முந்திக்கொண்டு தண்ணியா, பயமா என்று எடுத்துக் கொடுக்கப் போனேன், அதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. வாயைத் துடைத்து நான் நிமிர்ந்தபோது அவளுக்கு வார்த்தை கிடைத்திருந்தது. "கொஞ்ச நேரம்... வாய மூடிக்கிட்டு... கடலப் பாருங்க" என்றாள். ஒரு வார்த்தை மாறவில்லை பாப்பு, இரண்டு வருஷத்தில் முதல் முழு வாக்கியம், அதுவும் எனக்குக் கிடைத்த திட்டு! வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கருத்த மேகத்துக்குக் கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது, தூரத்தில் குட்டிக் குட்டித் தீவுகள் ஒரே வரிசையில். அவள் அதைக் காட்டி "பட்டன்" என்றாள். வார்த்தை தடுமாறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் திருத்தவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கரை சேர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் டீச்சரிடம் சொன்னேன். "அவங்க முடிக்கிற வரைக்கும் பொறுங்கன்னு எத்தனை தடவை சார் சொன்னேன்" என்று என்னைத்தான் கேட்டார். கஷ்டப்படுகிறாளே என்று எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, அவளைத் தேடவே விடாமல் வைத்திருந்தது நான்தான். அதை எழுதக் கை கூசுகிறது. இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று குடை என்ற சொல் வருவதற்குள் மழையே நின்றுவிட்டது, ஆனால் வந்தது. உன்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் போனை எடுத்தால் "நல்லா இருக்கியாம்மா, சரி அப்பாகிட்ட குடு" என்கிறாய். அவள் உடனே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

இப்போது அவள் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடுகிறாள், இந்தத் தடவை நான் பெட்டி தூக்குகிறவன் மட்டும்தானாம். துணி வெட்ட வைத்திருக்கிற பழுப்புத் தாளில் படகு, தீவு, மூன்று ஆள் வரைந்து பீரோவில் ஒட்டியிருக்கிறாள். மூன்றாவது ஆளுக்கு உன் கண்ணாடி. வருஷக் கடைசியில் லீவு கேட்டு வை. திட்டத்தில் கடைசி நாளைக் காலியாக விடச் சொல்லி அம்மாவிடம் நீயே சொல், படகு வராவிட்டாலும் பதறாமல் இருக்கலாம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நின்றுகொண்டே சாப்பிடாதே. எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நோய் நொடியில்லாமல் நிறைவாக இரு.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவே உன்னைக் கூப்பிடுவாள். எடுத்ததும் அப்பா எங்கே என்று கேட்காதே, நான் அந்த நேரம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன், கூப்பிட்டாலும் கேட்காது.

இப்படிக்கு,
உன் அப்பா