பூட்டிய கொட்டிலுக்குள் ஓர் ஆளி

என் தேவாவுக்கு, சண்டை பிடித்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு என்னைத் தேடி வரும் என் தம்பிக்கு,

அழுவதற்காக இதை எழுதவில்லை. உனக்கு ஒரு செய்தி சொல்ல எழுதுகிறேன். உன் சாவுக்குக் காரணமானவரின் முகம் ஊர் பார்க்க வெளிறியதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை, தேவா. சந்தோசமாகத்தான் இருந்தது. இதை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். உன் பேரைக் கெடுத்ததும் எல்லோருக்கும் முன்னால்தானே?

வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டையில் பாதி, ஊரின் பெரிய நிலக்காரரான போடியாருடையது. யானையும் பன்றியும் இறங்குகிற வயல். நீ அவரிடம் வேலைக்கு நின்றாய். வரம்பு கட்டினாய், தண்ணீர் பார்த்தாய். ஒரு காலையில் தண்ணீர் திருப்பப் போனவன் வரம்போரம் விழுந்து கிடந்தாய். முழங்கால் உயரத்துக்கு ஒரு வெறுங்கம்பி இழுபட்டிருந்தது. உன் கை அதில் ஒட்டியிருந்தது.

நான் ஓடி வந்தபோது ஆட்கள் தடிகளோடு எட்ட நின்றார்கள். "கிட்டப் போகாதகா, கரண்ட் ஓடுது" என்று பக்கத்து வயல்கார யோகண்ணன் என்னைப் பிடித்து இழுத்தார். போடியார் மோட்டார் சைக்கிளில் வந்து, இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து, பம்ப் கொட்டிலின் பூட்டைத் திறந்து, உள்ளே போய் சுவிட்சை நிப்பாட்டினார். அதற்குப் பிறகுதான் உன்னைத் தொட முடிந்தது. இதை நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பின்னேரத்துக்குள் கதை மாறிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களிடம் போடியார் கண் கலங்கப் பேசினார். "பன்றி அடிக்க அவன்தான் களவாக் கரண்ட் கொழுவியிருக்கான் ஐயா. எனக்கு ஒண்டும் தெரியா. நல்ல பொடியன், பாவம்." அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் திறப்பைப் பற்றிச் சொன்னேன். பம்ப் போட வேண்டிய ஒவ்வொரு முறையும் நீ அவர் வீட்டு வாசலில் போய்க் காத்து நின்றதைச் சொன்னேன். "நீங்க அக்காதானே, அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்றார் எழுதியவர். யோகண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வயலுக்குத் தண்ணீர் போடியாரின் வாய்க்காலால்தான் வர வேண்டும்.

உன் பெட்டியைத் தூக்கவும் போடியார் தோள் கொடுத்தார். உனக்குத் தெரிந்திருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே எழும்பியிருப்பாய்.

அதன்பின் நான் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். அம்மாவைச் சாப்பிட வைத்தேன். சந்தையில் ஒருத்தி, "களவாக் கரண்ட் எடுத்தா இப்பிடித்தான்" என்று என் காது கேட்கச் சொன்னாள். மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன். பேசாமல் வந்த ஒவ்வொரு நாளும் என் கோபம் பழுத்தது.

எட்டாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடம் வந்தது. அந்த வகுப்பில் போடியாரின் மகள் அபிநயாவும் இருக்கிறாள். கெட்டிக்காரி. தகப்பனின் அதே நெற்றி. அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு நான் கடத்தி என்றால் என்ன, காவலி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். செம்பும் இரும்பும் மின்னைக் கடத்தும், றப்பரும் உலர்ந்த பலகையும் கடத்தாது. மின்கலத்தில் புறப்படும் மின்னோட்டம் சுற்றி வந்து மின்கலத்துக்கே சேர வேண்டும். வழி எங்காவது அறுந்தால் குமிழ் எரியாது.

"அப்ப கம்பியில இரிக்கிற காகம் ஏன் டீச்சர் சாகல்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"காகத்தின் இரண்டு காலும் ஒரே கம்பியில்தான் இருக்கின்றன. அது மண்ணைத் தொடவில்லை. மண்ணைத் தொட்டிருந்தால் சுற்று பூர்த்தியாகியிருக்கும்" என்றேன். மண்ணைத் தொடாமல் வயலில் வேலை செய்ய முடியுமா, தேவா? அன்று உன் காலில் செருப்புக்கூட இல்லை. வரம்பெல்லாம் ஈரம்.

பிறகு ஆளிக்கு வந்தேன். சுவிட்சைத்தான் பாடப்புத்தகம் ஆளி என்கிறது. ஆளி திறந்திருந்தால் மின்னோட்டம் பாயாது, மூடினால் பாயும். "ஆளி தானாக மூடாது, பிள்ளைகள். ஒரு கை மூட வேணும்" என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாள் நான் தேடிய ஆயுதம் என் கையில்தான் இருந்திருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளங்குகிற ஒன்றை ஒரு ஊரே விளங்காத மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. நாடா வெட்ட வழக்கம்போலப் போடியாரைக் கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு இருந்து ஒரு வயல் செய்தேன். தட்டில் மண்ணைப் பரப்பி, வாவியில் அள்ளிவந்த உவர்த் தண்ணீரால் நனைத்தோம். வரம்போரம் வெறும் செப்புக் கம்பி. மூலையில் ஒரு சின்னக் கொட்டில். அதற்குள் மின்கலங்களும் ஆளியும். மண்ணுக்குள் புதைத்த தகட்டிலிருந்து இன்னொரு கம்பி மின்கலங்களுக்குத் திரும்பும். பலகையில் வெட்டிய ஒரு மனிதன், காலுக்கு ஆணி, கைக்குக் கம்பி, நெஞ்சில் ஒரு சின்ன எல்ஈடி. ஆளியை மூடிவிட்டு, கொட்டிலின் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். திறப்பை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அபிநயாவை அந்த மேசைக்குப் போடவில்லை. மண்டபத்தின் மறுபக்கத்தில், மிதத்தலும் அமிழ்தலும் காட்டுகிற மேசையில் நிறுத்தினேன். தகப்பனை அடிக்கப் பிள்ளையைத் தடியாக எடுக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த அளவுக்காவது நான் டீச்சராக இருந்தேன்.

போடியார் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். பின்னால் ஊர்ச் சனம், யோகண்ணனும் அதில். பிள்ளைகள் மனிதனின் கையைக் கம்பியில் வைத்தார்கள். நெஞ்சு சிவப்பாக எரிந்தது. காலுக்குக் கீழே றப்பர் துண்டை வைத்தார்கள். அணைந்தது.

அவர் முகம் மாறவில்லை. சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இதத்தான் நானும் சொல்லுற. களவாக் கரண்ட் எடுத்தா ஆளுக்குத்தான் கேடு. நம்மட தேவாவும் இப்பிடித்தானே போனவன்" என்றார்.

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கை ஈரத்தோடு அபிநயா நின்றாள். கூட்டத்தைப் பார்த்துத் தன் மேசையை விட்டு வந்திருக்கிறாள்.

"அப்பா, ஆளி கொட்டிலுக்க கிடக்கு. கொட்டில் பூட்டிக் கிடக்கு. வயலுக்க நிக்கிற ஆள் எப்பிடி அதப் போடுற?"

"நீ உன்ட மேசைக்குப் போ மகள்."

"இல்லப்பா, திறப்பு ஆர்ட்ட இரிக்கும்?"

அவள் குற்றம் சாட்டவில்லை, தேவா. வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் போடியாரின் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது. போன கையை எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அப்போதுதான் அந்த முகம் வெளிறியது.

யோகண்ணன் முன்னால் வந்தார். "அண்டைக்கு நீங்க வந்து பூட்டத் திறந்த புறகுதானே போடியார் கரண்ட் நிண்டது? நாங்க எல்லாரும் தடியோட பாத்துக்கிட்டு நிண்டம். எத்தின நாளைக்குத்தான் வாயப் பொத்திக்கிட்டு இரிக்கிற?"

"ஓம், நானும் கண்டனான்" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. போடியார் நாடா வெட்டிய கத்தரிக்கோலைக்கூட வைக்காமல் கையோடு கொண்டு வெளியேறினார்.

அடுத்த நாளே யோகண்ணன் என்னோடு பொலிசுக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தார். மற்றவர்களும் கொடுத்தார்கள். போடியாரைப் பிடித்து, பிறகு பிணையில் விட்டார்கள். வழக்கு நடக்கிறது. யோகண்ணனின் வயலுக்குத் தண்ணீர் வருவது குறைந்துவிட்டது. "பரவாயில்ல டீச்சர், இப்பதான் ஒழுங்கா நித்திர வருது" என்கிறார். இவ்வளவு காலம் பேசாமல் இருந்ததற்கு அவரையும் நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. நீ மன்னித்திருப்பாயா?

அபிநயா கொஞ்ச நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று இடைவேளையில் என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், அந்த மேசைய அப்பாவுக்காகத்தான் வச்சநீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம் மகள். உங்கட அப்பாவுக்காகத்தான்" என்றேன்.

"நான் கேட்டது பிழையா டீச்சர்?"

"இல்ல. நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி."

அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள். அன்றிலிருந்து என் வகுப்பில் அவள் கை உயர்த்துவதில்லை. அது எனக்கு வலிக்கிறது. அதற்காக அந்த மேசையை வைத்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேனா? இல்லை. அந்த வலியையும் அவளுடைய தகப்பனின் கணக்கில்தான் எழுதுவேன்.

போன கிழமை போடியாரின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமாதானமாகப் போவோம், செத்தவன் திரும்பி வரவா போகிறான் என்றார்கள். நான் கத்தத் தொடங்குமுன் அம்மா எழும்பினா. நீ போன பிறகு அவ அவ்வளவு நிமிர்ந்து நின்றதை நான் கண்டதில்லை.

"என்ட புள்ள களவெடுக்கல்ல எண்டு சந்தியில நிண்டு அவரச் சொல்லச் சொல்லுங்க. கோர்ட்டிலயும் சொல்லச் சொல்லுங்க. புறகு வாங்க, தேத்தண்ணி தாறன்" என்றா. வந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். அன்று இரவு அம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

தேவா, உன்னைப் பற்றி எழுதிய அந்தப் பொய் வசனம் இன்னும் ஒரு கோப்பில் கிடக்கிறது. வழக்கு எத்தனை தவணை போனாலும் போவேன். அந்த வசனம் அழிக்கப்பட்டு, வெறுங்கம்பிக்கு மின் கொடுத்தது யார் என்று தீர்ப்பில் வாசிக்கப்படும்வரைக்கும் போவேன். அதற்கு முன் யாரும் என்னை ஆறுதல்படுத்த வர வேண்டாம். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

கோபம் ஆறாத,
உன் அக்கா.