அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை

பீளமேடு,
19 ஜனவரி, ஞாயிறு.

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், முழங்கால் வலியும் பிரஷரும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. அங்கே குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து உனக்காகவே சொல்கிறேன். எப்போதும் 'நாங்கள் நலம்' என்றுதானே எழுதுவேன், இந்தத் தடவை ஏன் 'நான்' என்று எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தோன்றும், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய், இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டேன், ஒரு தடவை மோட்டாரை நிறுத்த, ஒரு தடவை கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, மூன்றாவது தடவை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு யாகூப் பாயின் மகள் யுஸ்ரா மேல்படிப்புக்காக வருகிற வெள்ளிக்கிழமை நீ இருக்கிற டப்ளினுக்கே கிளம்புகிறாள், பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் அவளிடம் கொடுத்துவிடுகிறோம், அதோடு இந்தக் கடிதமும் வரும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீயும் நானும் பேசுவது சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், இரு அம்மாவிடம் கொடுக்கிறேன், இவ்வளவுதான் என்று ஆகிப் பத்து மாதம் ஆகிறது. அதற்குக் காரணம் நான்தான், அதற்கும் வருகிறேன்.

விசயம் இதுதான் கண்ணு. உன் அம்மா என்னிடம் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று சொல்லி இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு நம் கோவிலில் திருக்குடும்ப விழா நடக்கும் என்பது உனக்குத் தெரியும், இருபத்தைந்து, முப்பத்தைந்து, ஐம்பது வருடம் முடித்த தம்பதிகளைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, கல்யாணத்தன்று கொடுத்த வாக்குறுதியை மறுபடியும் சொல்ல வைப்பார்கள். வருகிற பிப்ரவரியோடு எங்களுக்கு முப்பத்தைந்து. நம் தெருக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடும் அன்பியத்துக்கு நான் பொறுப்பாளர், பட்டியல் எழுதிக் கொடுத்ததே நான்தான், முதல் பெயராக எங்கள் பெயரைப் போட்டேன். அம்மாவுக்கு அந்த மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு வாங்கியும் வைத்தேன். பதினான்கு ஜோடி நின்றோம். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். சாமியார் மைக்கில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, முதலில் ஆண்கள் சொன்னோம், என் குரல்தான் உனக்குத் தெரியுமே, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு பெண்கள். பதின்மூன்று பேர் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை. கை என் கையில்தான் இருந்தது, உருவிக்கொள்ளவில்லை, வாய் மட்டும் அசையவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் இன்னும் பிரிக்காமல் இருந்த கிறிஸ்துமஸ் குடிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்கு மட்டும் காது அடைத்துவிட்டது.

பூசை முடிந்து ஹாலில் கேக்கும் டீயும் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், உனக்கு அனுப்பினேனே அந்தப் போட்டோதான், நீகூட அம்மா அழகாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். வண்டியில் வீடு வருகிற வரைக்கும் அம்மா பின்னால் கேக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மயக்கம் கியக்கம் வந்ததா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "ஏனுங்க, பேரக் குடுக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நோட்டீஸ் போர்டுல பாத்துத்தானுங்க எனக்கே தெரியும்" என்றாள். இது ஒரு குற்றமா, கட்டின பெண்டாட்டி பெயரைக் கொடுக்கப் புருசன் உத்தரவு வாங்க வேண்டுமா என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "அன்னைக்குக் கல்யாண ஓலை எழுதறப்போ சாமியார் எனக்குச் சம்மதமான்னு கேட்டாருங்க. எங்கப்பா பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு, சரின்னு சொல்லிபோட்டேன். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. இப்ப ஐம்பத்தேழு. மறுபடியும் கேட்டா நான் யோசிச்சுத்தானுங்க சொல்லோணும்" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அது தெரிஞ்சிருந்தா அங்கயே சொல்லியிருப்பனுங்களே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஜோவிதா, நான் ஒரு நாள் குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை, பாலிடெக்னிக் லேபில் முப்பது வருடம் வேலை பார்த்து ஐந்தரை மணிக்கு மேல் வெளியே நின்றதில்லை. இதையெல்லாம் அன்றைக்கே அவளிடம் வரிசையாகச் சொன்னேன். அவளும் ஆமாங்க, ஆமாங்க என்றாள். ஒன்றைக்கூட மறுக்கவில்லை. சண்டை போட்டால் பதிலுக்குப் பேசலாம், ஆமாம் என்கிறவளிடம் என்ன பேசுவது?

எல்லாம் அந்த டே கேரால் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். போன ஜூனிலிருந்து சரவணம்பட்டியில் சாய்ப்ரியா என்ற பெண் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு அம்மா வேலைக்குப் போவதில் எனக்கு இஷ்டமில்லை என்பது உனக்குத் தெரியும். காலையில் பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம் ஏழாகும். எல்லாம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளின் குழந்தைகள். அங்கே ஒரு தம்பி குழந்தையைக் கூட்டிப்போக வரும்போது தினமும் கேட்டில் நின்று மனைவிக்குப் போன் போடுவானாம், இன்னைக்குத் தோசை மாவு வாங்கட்டுமா, பாப்பாவைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா, உனக்கு ஓகேவா, உனக்கு ஓகேவா என்று நிமிசத்துக்கு ஒரு தடவை. ஆரம்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டுவாள், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். இவன் தோசை மாவுக்கே ஓட்டுப் போடுகிறானே என்று நான்கூடச் சொன்னேன். எப்போது அவள் நடித்துக் காட்டுவதை நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நிறுத்தியதைக் கவனிக்காமல் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் டே கேர் மேல் பழி போட்டு என்ன பிரயோசனம். இந்த மூன்று வாரமாகத் தூக்கம் பிடிக்காமல், ஒரு இடத்தில் நிற்க முடியாமல், ஹோப் காலேஜ் வரைக்கும் நடப்பதும் திரும்புவதுமாக இருந்ததில் வேறொன்று நெஞ்சில் வந்து நின்றுகொண்டது. போன மார்ச்சில் நீ போன் செய்து, நீயும் மாப்பிள்ளை டேவிட்சனும் கொஞ்ச நாள் தனித்தனி வீட்டில் இருந்து பார்க்கப் போகிறீர்கள் என்று சொன்னாய். உன் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் என்ன சொன்னேன்? நம் குடும்பத்தில் அந்த வழக்கமே இல்லை, உங்கம்மாவைப் பார், ஒரு நாள் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறாளா, அவள் பொறுத்துப் போகலையா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அம்மா அப்போது இரண்டு அடி தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொறுத்துப் போனாயா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் பொறுமையை எடுத்து உன்மேல் எறிந்துவிட்டேன். தெருவில் யார் வீட்டில் புருசன் பெண்டாட்டி சண்டை என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பஞ்சாயத்துப் பேசுகிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பொங்கலுக்கு அம்மா தாராபுரத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போனாள், தனியாக. போகட்டுமா என்று கேட்கவில்லை, போறனுங்க என்றாள். அவள் போய் இரண்டாம் நாளே எனக்கு வீடு கொள்ளவில்லை. குழம்பும் ரசமும் வைத்துத்தான் போயிருந்தாள், சாப்பாட்டுக் கஷ்டம் இல்லை, இது வேறு. சொல்லாமல் கொள்ளாமல் சிங்காநல்லூரில் பஸ் ஏறிவிட்டேன். பல்லடம் தாண்டுகிற வரைக்கும் என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். தாராபுரம் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன், சித்தி வீடு அங்கிருந்து பத்து நிமிச நடை, கால் நகரவில்லை. இப்போதும் கேட்காமல்தானே வந்திருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. அங்கேயே நின்று போன் போட்டேன். அமலி, நான் இங்கே பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன், வரட்டுமா என்று கேட்டேன். அவள், "இன்னைக்கு வேண்டாமுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை கண்ணு, சாதாரணமாகத்தான் சொன்னாள். சரி என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதே அதுதான் முதல் தடவை. நான் வரட்டுமா என்று கேட்டதும் முதல் தடவைதான் என்பது வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் முறுக்குத் தூக்கோடு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "நேத்துப் பஸ்ஸுல கூட்டமா இருந்துதுங்களா, உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். உண்மையில் அவிநாசிபாளையம் வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ராத்திரி எனக்குச் சூடாகத் தோசை ஊற்றினாள், நானும் போய் அவளுக்கு ஊற்றட்டுமா என்று கேட்டேன், சிரித்துவிட்டாள், அந்த டே கேர் தம்பி ஞாபகம் வந்திருக்கும். நான் ஊற்றியது கல்லில் ஒட்டிப் பிய்ந்து வந்தது, அதைச் சாப்பிட்டாள். இது பதிலா என்று கேட்டால் இல்லை. அவசரப்பட்டு நானே பதில் எழுதிக்கொள்ளக் கூடாது என்று என்னை நானே பிடித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் மனசு கேட்பதில்லை, அவள் ஒவ்வொரு தடவை அறைக்குள் வரும்போதும் சொல்லத்தான் வருகிறாள் என்று நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பத்து மாதமாக நீயும் இப்படித்தானே இருந்திருப்பாய், அந்தக் குளிர் நாட்டில், சொல்லி அழ அப்பன் இருந்தும் இல்லாமல். மார்ச்சில் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மன்னித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சேருவீர்களா பிரிவீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்துகொள்ள ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய், மண்டை வெடிக்கிறது. சேர்ந்துவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கும் மாதாவிடம் கேட்கிறேன், அதை மாற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை. ஆனால் அது என் ஆசை. உனக்கு என்ன வேண்டும் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை, நர்சிங்கில் சேர்த்தபோதும் கேட்கவில்லை, டேவிட்சனைப் பார்த்து முடித்தபோதும் உன்னைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேனே தவிரக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும் ஜோவிதா? உடனே சொல்ல வேண்டியதில்லை. யோசித்துச் சொல், காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நைட் ட்யூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஊறுகாய் பாட்டிலைச் சாய்க்காமல் திற, டேப் சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் எண்ணெய் கசியும். யுஸ்ரா புது ஊருக்கு வருகிறாள், முதல் வாரம் அவளை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு, மறந்துவிடாதே, யாகூப் பாய் ஏர்போர்ட் போகும் நாளை நினைத்து இப்போதே கண் கலங்குகிறார். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், மாப்பிள்ளையையும் காக்கட்டும், அவர் எங்கே இருந்தாலும்.

இதுவரை எழுதிய எல்லாக் கடிதத்திலும் கடைசியில் 'அப்பா, அம்மா' என்று நானே இரண்டு பெயரையும் எழுதி, 'அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்' என்று நானே சேர்த்துவிடுவேன். ஒரு தடவைகூட அவள் சொல்லச் சொன்னதில்லை, சொல்லியிருப்பாள் என்று நானே எழுதினேன். இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். "அன்னைக்கு நான் ஆஞ்சது கீரை இல்லைங்க, அவரைக்காய்" என்று மட்டும் சொன்னாள். உன் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். "நீங்க போட வேண்டாமுங்க, எடம் உடுங்க" என்றாள். அதனால் என் பெயருக்குக் கீழே இடம் விட்டுக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடுகிறேன். கவரை ஒட்டி யுஸ்ராவிடம் சேர்ப்பது அவள் பொறுப்பு, நான் திரும்பப் பார்க்க மாட்டேன். கீழே அவள் ஏதாவது எழுதியிருக்கிறாளா, வெறுமனே விட்டிருக்கிறாளா என்பது எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் பதறிப் போன் செய்து என்னிடம் சொல்லிவிடாதே கண்ணு. அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா மட்டும்,
ஞானமுத்து.