உங்கள் நெற்றியில் என் பொட்டு

இன்று காலை நம் மகள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு வீ.ஆர். கண்ணாடி. அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் வீடு மறைந்து வேறொரு உலகம் வருமாம், அதற்குள் நடந்துகொண்டே சுடலாமாம். அவள் எனக்கு விளக்கம் சொன்ன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இதெல்லாம் புதிது என்று நினைத்துவிட்டாள். நான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து கழற்றியபோது நெற்றியில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் பொட்டைக் காணோம். கண்ணாடியின் உள்பக்கம் முகத்தில் படுகிற பஞ்சில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் என்னவென்று கேட்டாள். சொல்கிறேன், பொறு என்றேன். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் கூட்டிக் குறைத்துச் சொன்னால் குறுக்கே பேசித் திருத்துவது உங்கள் வேலைதானே.

தொண்ணூறுகளின் நடுவில் நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். சுங்கை வேயில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கேசரித் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாப்பிள்ளை கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு நாற்காலி மேசை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள். நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடராகி இருந்த புதிது. நாற்பது பெண்களை மேய்த்துக்கொண்டிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உங்களுக்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகள் எல்லோருமே நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். வேலையைப் பற்றிக் கேட்டால், உங்கள் இஷ்டம் என்று சிரிப்பார்கள். பிறகு, பிள்ளை பிறக்கும் வரைதான் என்று யாரிடமாவது சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அந்தச் சிரிப்பே அலுத்துப்போயிருந்தது. நீங்களும் சிரித்தீர்கள். உங்களையும் வேண்டாம் என்று சொல்வதாக அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பெரியவர்கள் விடவில்லை. பையனும் பெண்ணும் ஒரு முறை தனியாகப் பேசட்டும் என்றார்கள். தனியாக என்றால் உங்கள் அக்காவோடு. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பது என்று ஏற்பாடு. பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக நான் வந்து நின்றால், அங்கே யாரோ வீட்டுக் கல்யாணக் கூட்டம். நாதஸ்வரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கிள்ளானிலிருந்து கிளம்பி வந்ததில் உங்கள் அக்காவுக்கு வேறு பசி. பங்சார் பக்கம் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் போனால் ஏர்கான் இருக்கும், ஐஸ்கிரீமும் கிடைக்கும் என்று காரைத் திருப்பச் சொன்னார்.

அங்கேதான் அந்த இயந்திரம் இருந்தது. இரண்டு வட்ட மேடைகள், ஒவ்வொன்றையும் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு வளையம், மேலேயிருந்து தொங்கும் தடித்த வயர்கள், ஆளுக்கு ஒரு ஹெல்மெட், ஒரு துப்பாக்கி. பார்க்கக் கூட்டம், ஏறத்தான் யாருமில்லை. நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கேசரித் தட்டை விட்டு வேறொன்றைப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். போய்ப் பார்ப்போமா என்று நான்தான் கேட்டேன். எப்படியும் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், இதையாவது விளையாடிவிட்டுப் போகலாமே என்ற எண்ணம்.

மேடையைக் கண்டதும் நம் இரண்டு பேருக்கும் கை தானாகச் செருப்புக்குப் போனது. கீழே ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறினோம். டிக்கெட் கொடுத்த பெண், "செருப்போட ஏறலாம் லா, அக்கா" என்றாள். பரவாயில்லை என்று இருவருமே ஒரே நேரத்தில் சொன்னோம்.

அந்த ஹெல்மெட்டின் கனம் உங்களுக்கு நினைவிருக்கும். குக்கரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பூவையெல்லாம் நசுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே யார் யாருடைய வியர்வையோ, கூடவே டெட்டால் வாசனை. பிறகு திடீரென்று பங்சார் போய்விட்டது. சதுரங்கப் பலகை மாதிரித் தரை, நீல வானம், தூண்கள், ஏறிப் போகப் படிகள். தலையைத் திருப்பினால் காட்சி கொஞ்சம் தயங்கித்தான் கூடவே வந்தது. எட்டத்தில் சிவப்புக் கட்டைகளை அடுக்கிச் செய்த மாதிரி ஒரு மனிதன். அதுதான் நீங்கள். ஒருவரை ஒருவர் சுட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

நான் சுட்டேன். நீங்கள் துண்டு துண்டாகச் சிதறினீர்கள். மறுபடி ஒரு மூலையில் முளைத்து வந்து, வெட்டவெளியில் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றீர்கள். மறுபடியும் சுட்டேன். ஒதுங்கக்கூட இல்லை. ஆட்டம் முடியும் வரை இதே கதைதான். என் தரப்பில் ஏகப்பட்ட புள்ளிகள், உங்கள் தரப்பில் சுழி. ஹெல்மெட்டைக் கழற்றியபோது எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. ஏன் சுடவில்லை என்று கேட்டேன்.

"பாக்க வந்த பொண்ண எப்படிங்க சுடுறது?" என்றீர்கள், அதே சிரிப்போடு.

"இப்ப பொண்ணுன்னு பாவம் பாத்து விட்டுக்கொடுப்பீங்க. நாளைக்கு என் வேலைய நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. எனக்கு அது வேணாம்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பேசிவிட்டேன் என்று உறைத்தது. கூட்டம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் சிரிப்பு நின்றது. நீங்கள் என்னை முதன்முதலாக நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"சரி, இன்னொரு ஆட்டம். இந்தத் தடவ பாவம் பாக்க மாட்டேன்."

அதோடு விட்டீர்களா? பேட்மிண்டனில் ஒரு செட் முடிந்தால் பக்கம் மாறுவது போல மேடை மாற வேண்டும் என்றீர்கள். கம்பெனி குழுவுக்கு ஆடுகிறவர் அல்லவா, பழக்கம் விடாது. நான் உங்கள் மேடைக்குப் போனேன், நீங்கள் என் மேடையில் ஏறி என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டீர்கள்.

அந்த இரண்டாவது ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் கால் கூசுகிறது. ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்க்கிறேன், உங்களைக் காணோம். திரும்பினால் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறீர்கள். சிதறிப்போனேன். படிக்குக் கீழே பதுங்கினால் மேலிருந்து சுட்டீர்கள். நான் போட்ட கூச்சல் கீழ்மாடி வரை கேட்டதாக உங்கள் அக்கா பிற்பாடு சொன்னார். நானும் உங்களைச் சிதறடித்தேன், இல்லையென்று சொல்லாதீர்கள். ஆனால் ஜெயித்தது நீங்கள்தான். தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இந்த மனிதர் என்னை எதிராளியாக மதித்துவிட்டார் என்று மனது துள்ளியது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்த்தேன். உங்கள் நெற்றியில், இடது புருவத்துக்குச் சற்று மேலே, என் அரக்குப் பொட்டு.

ஐஸ்கிரீம் கோப்பையோடு வந்து நின்ற உங்கள் அக்காவும் பார்த்துவிட்டார். "என்னடா, அவ உனக்குப் பொட்டே வெச்சிட்டாளா? அப்ப நாங்க பேச ஒண்ணும் இல்ல" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நீங்கள் சட்டென்று பிய்த்துக் கீழே போடுவீர்கள் என்று காத்திருந்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நீங்கள் தொட்டுப் பார்த்தீர்கள், பக்கத்துக் கடைக் கண்ணாடியில் குனிந்து பார்த்தீர்கள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். அந்தப் பொட்டோடு அத்தனை கடைகளையும் தாண்டி நடந்தீர்கள், சுங்கை வே வரை கார் ஓட்டினீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன் என்றேன். "அது உங்க வேலை. என்னைய ஏன் கேக்குறீங்க?" என்றீர்கள், உண்மையாகவே புரியாமல். உள்ளே போய் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

பாவம் பார்க்க மாட்டேன் என்பது அதன் பிறகு நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. கேரம் பலகையிலும் சொன்னோம், சண்டையிலும் சொன்னோம். நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் அரைத்த மிளகாய்ச் சம்பலில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியபோதும் சொன்னோம். கடைசி மாதங்களில் கட்டிலிலேயே பலகையைப் போட்டு ஆடினோமே, ஒரு நாள் சிவப்புக் காய் என் எதிரிலேயே இருந்தும் நான் தெரியாத மாதிரி வேறொன்றைச் சுண்டினேன். "என்னா, பாவம் பாக்குறியா?" என்று கேட்டீர்கள். அந்தக் குரலில் கோபம் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் உங்களை ஒரு காய்கூடப் போட விடாமல் ஜெயித்தேன். இருமல் வரும் வரை சிரித்தீர்கள். நல்ல காலம் அது, நோயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி நீங்கள் பார்க்காததைச் சொல்ல வேண்டும். உங்கள் கருமக்கிரியை அன்று என்னைக் குளிக்கவைத்துக் கூட்டி வந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. வயதான பெண்மணி ஒருவர், இனி இப்படித்தானே என்று யாரிடமோ மெதுவாகச் சொன்னார். உங்கள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு இப்போது முட்டி வலி அதிகம். கைப்பையைத் திறந்து தன்னுடைய பொட்டு அட்டையை எடுத்தார்.

"என் தம்பி நெத்தியில மொதல்ல பொட்டு வெச்சதே இவதான். அவன் எடுக்கல. இவ ஏன் எடுக்கணும்?"

அவர் கையாலேயே எனக்கு வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு நாளும் நான் எடுத்ததில்லை.

இன்று அந்தப் புது உலகத்தில் காட்சி தயங்கவே இல்லை, திரும்பிய கணமே கூட வந்தது. தூண் மாதிரி ஏதோ ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்தேன். உடனே முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றதில் எங்கிருந்தோ யாரோ என்னைச் சுட்டுவிட்டார்கள்.

எழுதி முடித்தாயிற்று, மகள் காத்திருக்கிறாள். இனி அவளுக்குச் சொல்ல வேண்டும். பிறகு இன்னொரு ஆட்டம், இந்தத் தடவை பாவம் பார்க்கப் போவதில்லை. பஞ்சிலிருந்து பொட்டைப் பிய்த்து நெற்றியில் வைத்து அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.